ஆடத் தெரியாத பெட்டியும் கோணல் கூடமும்

இரவு பதினொரு மணி. காலையில் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு மாணவி லேப்டாப்பில் இருக்கும் கோப்புகளை எல்லாம் புது யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாதி வரை ஜோராகப் போகிறது. திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. பெட்டியின் விளக்கு சிமிட்டவில்லை. மவுஸ் நகர்கிறது, ஆனால் நகல் எடுக்கும் ஜன்னல் உறைந்து கிடக்கிறது. ரத்து செய்தால் ரத்தாகவில்லை. அந்த நிரலையே கொன்றுவிடலாம் என்று கட்டளை கொடுத்தால் அது சாகவும் மாட்டேன் என்கிறது. அரை நிமிடம் கழித்து லேசாக உயிர் வந்து இரண்டு எம்பி போகிறது. மறுபடி நிற்கிறது.

பக்கத்து அறையிலிருந்து தீர்ப்பு உடனே வந்துவிடும். "லினக்ஸா? அதான். ட்ரைவர் சரியில்ல. விண்டோஸ்ல போடு, ஓடும்."

விண்டோஸில் போட்டால் பல நேரம் ஓடவும் செய்கிறது. அப்புறம் என்ன, வழக்கு முடிந்தது. குற்றவாளி ட்ரைவர், தண்டனை லினக்ஸுக்கு. பெட்டியைச் செய்தவர் சாட்சிக் கூண்டுக்குக்கூட வர வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. அதைவிட மோசம், இது ஒருவருக்கு வசதியான தப்பு. யாருக்கு வசதி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். யூஎஸ்பி சேமிப்புப் பெட்டியும் கணினியும் பேசிக்கொள்ள 1999-இல் ஒரு விதிமுறை எழுதினார்கள். பல்க் ஒன்லி ட்ரான்ஸ்போர்ட் என்று பெயர். பெயர்தான் மிரட்டும், விஷயம் மளிகைக் கடைக் கணக்குதான். கணினி முதலில் 31 பைட் நீளத்தில் ஓர் ஆர்டர் சீட்டு அனுப்பும். இன்ன இடத்திலிருந்து இவ்வளவு கொடு, அல்லது இன்ன இடத்தில் இவ்வளவு எழுது என்று அதில் இருக்கும். ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அடுத்து சரக்கு போகும், அல்லது வரும். கடைசியாகப் பெட்டி 13 பைட் நீளத்தில் ஒரு ரசீது தர வேண்டும். வேலை முடிந்ததா, மீதி எவ்வளவு என்பதை அதே வரிசை எண்ணைப் போட்டுச் சொல்ல வேண்டும். ரசீது வந்தால்தான் அடுத்த ஆர்டர்.

'ஹேங்' என்று ஊரே சொல்வது பெரும்பாலும் இந்த ரசீது வராமல் போவதைத்தான். பெட்டிக்குள் இருக்கும் சிப் எங்கோ ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் கிடக்கிறது. லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பிறகு ஆர்டரை ரத்து செய்து பார்க்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் பெட்டியை ரீசெட் செய்யும். மறுபடி ஆர்டர், மறுபடி மௌனம், மறுபடி 30 விநாடி. அந்த மாணவி பார்த்துக்கொண்டிருப்பது இந்தச் சுற்றைத்தான்.

"எதற்குக் காத்திருக்கணும், விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் கணக்குப் புத்தகம் எழுதிப் பார்க்காதவர்கள். சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே 'சேர்ந்தது' என்று பதிவு போடுபவரைக் கணக்காளர் என்று யாரும் சொல்வதில்லை, அதற்கு வேறு பெயர் உண்டு. ரசீது வராதபோது ட்ரைவருக்கு எதுவுமே தெரியாது. ப்ராஜெக்ட் கோப்பின் கடைசிப் பகுதி தட்டில் எழுதப்பட்டதா, பாதி எழுதப்பட்டதா, எழுதப்படவே இல்லையா? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமல் நிற்கிறது அது. எரிச்சலூட்டும் அந்தக் காத்திருப்பு, உண்மையில் அங்கே மிச்சம் இருக்கும் ஒரே நேர்மை!

சரி, பெட்டிதான் தப்பு செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

ஆதாரம் எழுத்து வடிவில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. லினக்ஸ் கர்னலின் மூல நிரலில் யூஎஸ்பி சேமிப்புக்கான பகுதியில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. 'வழக்கத்துக்கு மாறான சாதனங்கள்' என்பது அந்தக் கோப்பின் பெயருக்குப் பொருள். அதில் உள்ள விதிவிலக்குகளுக்கு க்விர்க்ஸ் என்று பெயர். தமிழில் கோணல்கள் என்று சொன்னால் கச்சிதமாக இருக்கும். எந்தப் பெட்டி விதிமுறையை எப்படி மீறுகிறது, அதற்கு ட்ரைவர் எப்படி வளைந்துகொடுக்க வேண்டும் என்று வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். பல பதிவுகளுக்கு மேலே 'இன்னார் தெரிவித்தது' என்று ஒரு பெயர். பெட்டியை வாங்கி, மாட்டி, ஹேங் ஆகி, ராத்திரி கண் விழித்துக் காரணம் கண்டுபிடித்த சாதாரண ஆட்களின் பெயர்கள் அவை.

சில கோணல்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

ஒன்று. பெட்டியிடம் 'உன்னிடம் கடைசிக் கட்டத்தின் எண் என்ன?' என்று கணினி கேட்கும். 100 கட்டங்கள் இருந்தால் எண்கள் 0 முதல் 99 வரை. சரியான பதில் 99. சில பெட்டிகள் 100 என்று சொல்கின்றன. கேள்வி கடைசி எண்ணைப் பற்றியது, அவை சொல்வது மொத்த எண்ணிக்கை. கணினி நம்பிவிடுகிறது. வட்டின் பிரிவினை அட்டவணைக்குக் கடைசிக் கட்டத்தில் ஒரு நகல் இருக்கும் என்பதால் அங்கே போய்ப் படிக்கப் பார்க்கிறது. இல்லாத கட்டத்தைக் கேட்டதும் 'அப்படி ஒன்று இல்லை' என்று பிழை சொல்ல வேண்டிய பெட்டி, பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிடுகிறது. இதற்குப் பரிகாரமாக ட்ரைவரில் ஒரு ஊகம்கூட எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் பெட்டி ஒன்று கூட்டிச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்! ஒரு சாதனத்தின் கொள்ளளவை ஒற்றையா இரட்டையா பிடித்துக் கண்டுபிடிக்கும் நிலை.

இரண்டு. 'நீ யார்?' என்று கேட்கும் முதல் கேள்விக்கு 36 பைட் பதில் போதும் என்று லினக்ஸ் கேட்கிறது. அதற்கு மேல் கேட்டாலும் குறைத்துக் கேட்டாலும் பல பெட்டிகளுக்கு மூச்சு முட்டும் என்று நிரலிலேயே குறிப்பு எழுதியிருக்கிறது. பெயரைக் கேட்டதற்கே மயக்கம் போட்டு விழும் ஆளை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா?

மூன்று. ஜெனிசிஸ் லாஜிக் சிப்புகளுக்கு ஆர்டர் சீட்டுக்கும் சரக்குக்கும் நடுவே 100 மைக்ரோ விநாடி இடைவெளி வேண்டும், சிலவற்றுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும் என்று ட்ரைவர் தனியாக நின்று போகிறது. விதிமுறையில் அப்படி ஓர் இடைவெளி கிடையாது.

நான்கு. ரசீதில் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். அது என்ன நான்கு எழுத்து என்பதை விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. சில பெட்டிகள் வேறு எதையோ போடுகின்றன. கடைசியில் ட்ரைவர் எழுதியவர்கள் விதிமுறையோடு ஒப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். முதல் ரசீதில் என்ன கையெழுத்து வருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த ரசீதுகளிலும் அதுவே வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது லினக்ஸ். எந்த வங்கியாவது இந்த அளவுக்கு இறங்கி வருமா? தப்பாகப் போடு, பரவாயில்லை, எப்போதும் ஒரே தப்பாகப் போடு என்கிற அளவுக்குப் பொறுமை!

ஐந்தாவதுதான் உச்சம். யூஎஸ்பி 3.0 வந்த பிறகு வேகத்துக்காக யூஏஎஸ் என்ற புது முறை வந்தது. ஒரு ஆர்டருக்கு ரசீது வரும் முன்பே அடுத்தடுத்த ஆர்டர்களை வரிசையில் போட்டுவிடலாம். ஏஎஸ்மீடியா நிறுவனத்தின் ஏஎஸ்எம்1051 சிப்பில் இந்த முறை சரியாக வேலை செய்யாது. ஏஎஸ்எம்1053 சிப்பில் வேலை செய்யும். ஆனால் 1051-உம் பழைய 1053-உம் கணினியிடம் சொல்லிக்கொள்ளும் அடையாள எண் ஒன்றேதான். ஆகவே ட்ரைவர், பெட்டி எத்தனை ஸ்ட்ரீம்களைத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்து, 32 என்றால் இது 1051-ஆக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு யூஏஎஸ்ஸை நிறுத்திவிடுகிறது. ஒரே பதிவெண் ஒட்டிய இரண்டு வண்டிகள், ஒன்றுக்கு பிரேக் சரியில்லை, எது எது என்று ஜன்னல்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் போக்குவரத்துத் துறை சும்மா விடுமா?

"அதெல்லாம் சரி, விண்டோஸ்ல மட்டும் எப்படி ஓடுது?" நியாயமான கேள்வி. பதில் எளிது. செய்தவர் பெரும்பாலும் அதில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தார். ஒரே ஆசிரியரின் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன், அதே பாடத்தை வேறு வரிசையில் கேட்டால் விழிப்பதைப் போலத்தான் இதுவும். ஒரு வினாத்தாளில் பாஸ் ஆனதால் பாடம் தெரியும் என்று ஆகாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற, லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத இயங்குதளத்தையும் பாருங்கள். வேறு ஆட்கள் எழுதியது. அவர்களும் தனியாக ஒரு கோணல் அட்டவணை வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு கூடங்களிலும் ஆட்டக்காரி தடுக்கி விழுந்தால், கோணல் கூடத்திலா காலிலா?

ட்ரைவர் எழுதுபவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. லினக்ஸின் யூஏஎஸ் ட்ரைவரையே ஒரு காலத்தில் 'உடைந்தது' என்று அவர்களே முத்திரை குத்தி ஒதுக்கி வைத்திருந்தார்கள். சரிசெய்த பிறகு 2014-இல் 3.15 பதிப்பில்தான் அது மறுபடி புழக்கத்துக்கு வந்தது. வித்தியாசம் இதுதான்: தங்கள் தப்பை ஊரறிய எழுதி வைத்தார்கள், பிறகு திருத்தினார்கள். பெட்டி செய்பவர்களில் எத்தனை பேர் அட்டையின் மேல் 'இது உடைந்தது' என்று அச்சிட்டிருக்கிறார்கள்?

அதுபோல எல்லா ஹேங்குக்கும் சிப்பைத் திட்டுவதும் சோம்பேறித்தனம். யூஎஸ்பி 2.0 துளை ஒரு சாதனத்துக்கு 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தர வேண்டும், 3.0 துளை 900. சுழலும் ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போது அதற்கு மேல் இழுத்தால் பாவம் சிப் என்ன செய்யும்? 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். ஆகவே ஒழுங்கான விசாரணைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கேபிளை மாற்ற வேண்டும். அடுத்து, தனி மின்சாரம் உள்ள ஹப்பில் மாட்ட வேண்டும். பிறகு வேறு துளை, வேறு கணினி. அப்போதும் நின்றால், கர்னல் பதிவேட்டைத் திறந்து எந்த ட்ரைவர் பிடித்திருக்கிறது, யூஏஎஸ்ஸா பழைய முறையா என்று பார்க்க வேண்டும். யூஏஎஸ் என்றால் அதை நிறுத்திப் பழைய முறையில் ஓட்ட வேண்டும். அதில் ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் யூஎஸ்பிமான் என்ற வசதியால் கம்பியில் போகும் ஒவ்வொரு சீட்டையும் பிடித்து வயர்ஷார்க்கில் திறக்கலாம். ஆர்டர் போன நேரம், எண், என்ன கேட்டது எல்லாம் வரிசையாக இருக்கும். ரசீது வராத கடைசி ஆர்டர் எதுவோ, அதுதான் சாட்சி. தணிக்கைக்கு இதைவிட நல்ல புத்தகம் எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது.

ஆனால் யாரும் இவ்வளவு தூரம் போவதில்லை. பை 4-இல் எஸ்எஸ்டி மாட்டி ஹேங் ஆனவர்களுக்குக் கிடைத்த அறிவுரை எங்கும் ஒன்றுதான். தொடக்கக் கட்டளை வரியில் பெட்டியின் அடையாள எண்ணைப் போட்டுப் பக்கத்தில் யூ என்று ஓர் எழுத்தைச் சேர், முடிந்தது வேலை. அந்த ஓர் எழுத்து யூஏஎஸ்ஸை அணைத்துவிடும். பெட்டி பழைய முறைக்கு இறங்கி ஒவ்வொரு ஆர்டராகச் செய்யும். ஹேங் போய்விடும், வாங்கிய வேகமும் போய்விடும். அட்டையில் கொட்டை எழுத்தில் 'யூஏஎஸ் ஆதரவு' என்று போட்டு அதற்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள்? அந்தக் காசை யார் திருப்பித் தருவது? 'சரியாயிடுச்சு, நன்றி நண்பா' என்று சொல்லிவிட்டுப் போகிறார் வாங்கியவர். நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, நன்றியையும் தானே சொல்கிறார்!

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. தன் செலவை அடுத்தவர் புத்தகத்தில் ஏற்றிவிடும் பழைய வித்தைதான். சாயப்பட்டறை கழிவை ஆற்றில் விட்டால் சுத்திகரிப்புச் செலவு மிச்சம், ஆற்றோரக் கிராமம் அதைத் தன் உடம்பால் கட்டும். சிப் செய்பவர் சோதனைச் செலவை மிச்சம் பிடிக்கிறார். அந்தச் செலவு ட்ரைவர் எழுதுபவரின் ராத்திரியாகவும், மாணவியின் ப்ராஜெக்ட்டாகவும் வேறு இடத்தில் கட்டப்படுகிறது. கோணல் பட்டியல் என்பது நிரல் மட்டுமல்ல, அது ஒரு வாராக்கடன் பேரேடு. கடன்காரர் பெயர் தெளிவாக இருக்கிறது, வசூல்தான் இல்லை.

இன்னொரு கொடுமை. பட்டியலில் ஒவ்வொரு பெட்டிக்கும் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை கோணல் என்று எழுத இடம் உண்டு. பல பதிவுகளில் 0000 முதல் 9999 வரை என்றே இருக்கும். எந்தப் பதிப்பில் சரியானது என்று செய்தவர் வெளியே சொன்னால்தானே வேறு எண் போட முடியும்? ஆகவே நாளைக்கே ஒழுங்கான பதிப்பு வந்தாலும் அதுவும் குற்றவாளிப் பட்டியலில்தான் நிற்கும். மௌனம் சாதிப்பவருக்கே அது நஷ்டம், ஆனால் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

'வாங்குவோரே விழித்திரு' என்ற பழைய விதியைச் சிலர் எடுத்து நீட்டுவார்கள். விழித்துப் பார்ப்பதற்கு அட்டையில் என்ன இருக்கிறது? பளபளப்பான படம், கொள்ளளவு, வேகம். உள்ளே எந்த பிரிட்ஜ் சிப் என்று மட்டும் பெரும்பாலும் இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'குறைபாடு' என்பதற்கான விளக்கத்தைப் படித்தால், சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரம் இல்லாமல் போனாலும் அது குறைபாடுதான். அட்டையில் 'லினக்ஸ்' என்றும் 'யூஏஎஸ்' என்றும் அச்சிட்டுவிட்டு, அந்த இரண்டிலும் விழுந்து கிடக்கும் பெட்டியை வேறு என்னவென்று சொல்வது? சட்டத்தில் வார்த்தை இருக்கிறது. அதைச் சொல்லி பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் ஆள்தான் இல்லை.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்களும் அல்ல. சிப்பின் பெயரை அட்டையில் அச்சிட வேண்டும். வேறு சிப் போட்டால் வேறு அடையாள எண் தர வேண்டும். சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைத் திருத்தினால், எந்தப் பதிப்பில் எது சரியானது என்று வெளியிட வேண்டும். அதை ஏற்றும் கருவி எல்லா இயங்குதளத்திலும் ஓட வேண்டும். ஹேங் ஆகும் பெட்டியைச் சரிசெய்ய விண்டோஸ் தேடி அலைய வைப்பது, காயம் பட்டவரையே மருந்து வாங்கி வரச் சொல்வது போல.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. அந்த ஓர் எழுத்தைச் சேர்ப்பதில் தப்பில்லை; விடிந்தால் சமர்ப்பிக்க வேண்டியவளுக்கு அன்றிரவு அதுதான் வழி. ஆனால் அதோடு கதையை முடிக்கக் கூடாது. பதிவேட்டைச் சேமித்து, அடையாள எண்ணையும் ரசீது வராத ஆர்டரையும் கர்னல் ஆட்களுக்கு அனுப்ப வேண்டும், அடுத்து வாங்குபவராவது தப்பிப்பார். மறுநாள் அதே தாளோடு கடைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "விண்டோஸ்ல ஓடுதேம்மா" என்பார். அட்டையைத் திருப்பி, அதில் அச்சிட்டிருப்பதைக் காட்ட வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் சொன்னதில்கூட ஆச்சரியம் இல்லை. வருடக்கணக்காக அவளுக்காகக் கூடத்தை இடித்து இடித்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, விழும்போதெல்லாம் கொத்தனாரையே திட்டிக்கொண்டிருக்கிறோமே, அதுதான் ஆச்சரியம்.